ஏழாம் குஞ்சு கேட்ட கடிதங்கள்

சதுப்பு நிலையம்
மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இருமல் விட்டுவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி? அத்தான் நலமா?

இங்கே தகரக் கூரை போட்ட ஒரு வீடு, முட்டை பொரிக்கிற அறை ஒன்று, வரிசையாகச் சின்னக் கொட்டில்கள். அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டியவரை நாணலும் தண்ணீரும்தான். கைபேசியில் ஒரு கோடுகூட எழவில்லை. வியாழக்கிழமை தோறும் படகு வரும். சாமான், கடிதம் எல்லாம் அதில்தான். டாக்டரம்மா மாதத்துக்கு இரண்டு முறை வந்து மூன்று நாள் தங்குவார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பறவை ஆராய்ச்சி.

இந்தச் சதுப்பில் நாரைகள் அற்றுப்போய் நாற்பது வருஷம் ஆகிறதாம். வேறிடத்திலிருந்து முட்டை கொண்டுவந்து, பொரித்து, வளர்த்து, திரும்ப இங்கே விடுவதுதான் திட்டம். குஞ்சு பிறந்ததும் யாரோடு பழகுகிறதோ அவரையே தாய் என்று எடுத்துக்கொள்ளும். மனிதனைத் தாயாக நினைத்த பறவை பெரிதானதும் மனிதனைத் தேடிப் போய், யார் கையிலாவது மாட்டிச் சாகும். அதனால் கொட்டிலுக்குள் போகும்போதெல்லாம் வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை, வலது கையில் நாரைத் தலை வைத்த பொம்மை. அந்தப் பொம்மை அலகால்தான் தீனி கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரி. வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் முதல் விதி.

"தும்மல் வந்தா?" என்று கேட்டேன்.

"வெளிய ஓடு" என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை.

மிருகக்காட்சிசாலையில் பதினோரு வருஷம் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தினவனுக்கு வந்த வேலையைப் பார்த்தாயா? நீ எனக்கு வைத்த பேரை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு ஆள் ஏப்ரலில் வருவாராம்; அவரோடு பேசிக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி


வீடு
மார்ச் 19

லொடலொடாவுக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதம் வந்த வாரம் கொஞ்சம் வேலை இருந்தது, அதனால் தாமதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். அத்தானும் நலம், வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்; அதனால் தனியாக எழுதவில்லை.

பேருந்து நிலையத்தில், தொலைந்த பொருள் தேடி என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் குறையவே இல்லை. போன வாரம் நடத்துநர் ஒரு பல்செட்டைக் கொண்டுவந்து வைத்தார். பதிவேட்டில் "பல், மேல்வரிசை, ஒன்று" என்று எழுதினேன். மறுநாள் ஒரு பெரியவர் வந்தார்.

"என்னோடதுதாம்மா."

"அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

"பல்லுக்கு என்னம்மா அடையாளம்? குடு, போட்டுப் பாக்கறேன்."

போட்டார். இப்படியும் அப்படியும் கடித்துப் பார்த்தார். "இல்ல, இது வேற யாரோடதோ" என்று கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். கழுவினது நான்.

பேசாமல் இருப்பது உனக்கு நல்லதுதான். தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் துணியோடு நிற்காதே.

அக்கா


சதுப்பு நிலையம்
ஏப்ரல் 24

அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பல்செட் கதையைத் தனியாக உட்கார்ந்து மூன்று தரம் படித்துச் சிரித்தேன்.

ஏழு பொரிந்துவிட்டன! ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் அடங்கும். பழுப்பு நிறப் பஞ்சு, அதில் செருகின இரண்டு குச்சிக் கால். பக்கத்தில் பக்கத்தில் விட்டால் ஒன்றையொன்று கொத்திக் கொன்றுவிடும். அதனால் ஆளுக்கொரு கொட்டில். பேர் வைக்கக்கூடாது, எண் மட்டும். காலில் வண்ண வளையம் மாட்டியிருக்கிறோம். கடைசியாகப் பொரிந்தது ஏழு. அதற்கு நீல வளையம்.

காலை ஐந்து மணிக்கு அங்கியைப் போட்டால் இருட்டும்வரை கழற்றுவது சாப்பாட்டுக்குத்தான். தாய் நாரையின் உறுமல் ஒலிப்பதிவை இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் நடப்பேன். குஞ்சு பின்னாலேயே வரும். பொம்மை அலகால் நத்தையைக் காட்டினால் அதுவும் கொத்தும். அவை என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் போவதில்லை.

வருவதாக இருந்த ஆள் வரவில்லை. வேறு ஆள் தேடுகிறார்களாம். டாக்டரம்மா போன பிறகு ஒன்பது நாளாக நான் பேசிய பேச்சு படகுக்காரரிடம் மட்டும்தான். அவரும் "இஞ்சின் சூடாயிடும்" என்று சாமானை இறக்கியதும் கிளம்பிவிடுகிறார். நேற்று சமையலறையில் உப்பு எங்கே என்று வாய்விட்டுக் கேட்டேன். என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதனால் நீளமாக எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது.

தம்பி


வீடு
மே 8

அன்புத் தம்பிக்கு,

எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை. நீ தனியாகக் கிடப்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. நீளமாக எழுதச் சொன்னாய். இதோ.

எதிர்வீட்டுத் தையல்காரர் புதிதாக ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார். அது ஓடும்போது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி சேர்ந்து நடுங்குகிறது. மாடிப் படிக்கட்டின் மூன்றாவது படி பெயர்ந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் "மூணாவது படி, மூணாவது படி" என்று கத்துவதே வேலையாகிவிட்டது. பால்காரர் மீசையை எடுத்துவிட்டார். யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனேன். குழாய்த் தண்ணீர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்.

அத்தான் நலம். கூடத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. சுவர் பளிச்சென்று இருக்கிறது. உடனே மறுபடி வெளியூர் போக வேண்டியதாகிவிட்டது.

அலுவலகத்தில் இந்த வாரம் பதினாறு குடை, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவர் எப்படி இறங்கி நடந்து போனார் என்று நானும் நடத்துநரும் ஒரு மணி நேரம் பேசினோம்.

கடைசிப் பேருந்து போகும்வரை இருந்துவிட்டு வருகிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

அக்கா


சதுப்பு நிலையம்
மே 23

அக்கா,

உன் சளி விட்டதா? எனக்கு ஒன்றுமில்லை. ஏழாம் குஞ்சுக்குத்தான் நுரையீரலில் பூஞ்சை. பத்து நாள் தனி அறையில் சூட்டு விளக்கின் கீழே வைத்திருந்தேன். முதல் மூன்று நாள் ஒரு பருக்கை தின்னவில்லை. பொம்மை அலகை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கழுத்து தரையில் துவண்டு கிடந்தது. வயர்லெஸ்ஸில் டாக்டரம்மா மருந்து சொன்னார். "நாளைக்குள்ள சாப்பிடலன்னா மனசத் தேத்திக்கோ" என்றார்.

நாலாம் நாள் தின்றது. இப்போது எடை ஏறுகிறது. எப்படித் தின்றது என்று டாக்டரம்மா கேட்டார். தானாகத்தான் என்றேன்.

உன் கடிதம் சரியான நேரத்துக்கு வந்தது. மூன்றாவது படி, மீசை போன பால்காரர் எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னும் எழுது. அத்தானையும் ஒரு பக்கம் எழுதச் சொல். கொட்டகை மின்விசிறி கரகரவென்கிறது. அவர் கைராசிக்காரர், என்ன செய்யலாம் என்று கேட்டுச் சொல்.

அவசரமாக,
தம்பி


சதுப்பு நிலையம்
ஜூலை 3

அக்கா,

ஆறு வியாழக்கிழமை போய்விட்டது. ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அத்தானாவது ஒரு கார்டு போடக்கூடாதா? படகுக்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், நான் கரைக்கு நடந்து வந்து ஏமாற வேண்டாம் என்று. பழைய கடிதங்களையே திரும்பத் திரும்ப வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நலம் என்று மட்டுமாவது எழுது.

தம்பி


வீடு
ஜூலை 14

தம்பி,

நலம். கவலைப்படாதே. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. அத்தானும் நலம். வலது கை மணிக்கட்டில் வலி, பேனா பிடிக்க முடியவில்லை. வெளியூரில் வைத்தியம் பார்க்கிறார். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டுப் பார்.

குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்டனவா?

அக்கா


சதுப்பு நிலையம்
ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியதைக் கண்டு நிம்மதி. நானும் உடம்பால் நலம். மற்றபடி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஏழும் இப்போது என் நெஞ்சு உயரம். பறக்கின்றன. விடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு: அங்கி இல்லாத ஒரு மனிதன் சத்தமாகப் பேசிக்கொண்டு கரையில் நடக்க வேண்டும். பறவைகள் ஓட வேண்டும். ஓடினால் தேர்ச்சி.

இன்று காலை படகுக்காரரை நடக்கச் சொன்னோம். டாக்டரம்மாவும் நானும் மறைவில் இருந்தோம்.

"என்னம்மா பேசறது?" என்றார் அவர்.

"எது வேணா பேசுங்க."

அவர் இஞ்சினைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஆறும் விழுந்தடித்து நாணலுக்குள் ஓடின. டாக்டரம்மா என் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார். அப்போதுதான் ஏழு தலையைச் சாய்த்தது. மெதுவாக அவரை நோக்கி நடந்தது. அவர் பின்வாங்கப் பின்வாங்க அதுவும் வந்தது. கடைசியில் அவர் காலடியில் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டது.

"என்னம்மா இது, கதை கேக்கற மாதிரியில்ல உக்காருது!" என்றார்.

டாக்டரம்மா தூக்கிய கையை இறக்கினார். வீட்டுக்கு வேகமாக நடந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "யார் பேசினது?" என்றார்.

"நான்தான்."

"எப்பலேர்ந்து?"

"மே மாசம். அது சாப்பிடாம கெடந்தப்ப. பக்கத்துல உக்காந்து எங்க அக்கா கடிதத்தப் படிச்சிட்டிருந்தேன். என்னையறியாம வாய்விட்டுப் படிச்சிட்டேன் போல. அது கழுத்தத் தூக்கிப் பாத்தது. அப்பறம் தின்னுது."

"சரி. பிழைச்ச பிறகு?"

"நிறுத்தல."

"ஏன்?"

"அது உக்காந்து கேட்டது. வேற யாரும் இல்லீங்க இங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஆள் அனுப்பறேன்னு சொல்லி நாலு மாசமா அனுப்பல. அது என் தப்பு. இது உன் தப்பு. ரெண்டையும் எழுதணும்" என்றார். பிறகு அந்தக் கடிதங்களைக் கேட்டார். பறவை எதைக் கேட்டு வளர்ந்தது என்று பின்னால் ஆராய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நகல் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

தரும்போது ஒன்று சொன்னார். "உங்க அத்தான் வர்ற வரி மட்டும் எல்லாக் கடிதத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. நலம், வெளியூர். நலம், வெளியூர்." அவர் வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் பார்த்துப் பார்த்து எழுதி வைக்கிறவர், எதையும் அப்படித்தான் பார்ப்பார். அதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஏழாம் குஞ்சை வெளியே விட முடியாது. ஆயுள் முழுக்க வலைக்கூண்டுதான். நாரை முப்பது வருஷம் இருக்கும் அக்கா.

தம்பி


வீடு
செப்டம்பர் 9

தம்பிக்கு,

அழாதே. நீ அழுதிருப்பாய் என்று தெரியும். நீ பேசாமல் இருந்திருந்தால் அது மே மாதமே மண்ணுக்குள் போயிருக்கும். அதற்குப் பிறகு பேசியதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். உனக்கே தெரிந்ததை நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தக் கோப்பில் என் மூன்று கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஒரு திருத்தம் உண்டு. டாக்டரம்மாவிடம் சொல்.

அத்தான் வெளியூரில் இல்லை. போய்விட்டார். உன் முதல் கடிதம் வந்த வாரம், புதன்கிழமை காலை. தேநீர் குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பதினாறு வருஷத்தில் அவர் டம்ளர் கழுவியது அன்றைக்குத்தான். "எனக்கு இங்க இருக்கப் பிடிக்கல" என்றார். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். அது நிஜம்தான், விசாரித்துவிட்டேன். யாராவது இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது பொழுது போயிருக்கும்.

கூடத்துக்கு வெள்ளையடித்தது நான். முழங்காலோடு ஏணி ஏறி. ஜூன் மாதம் மிச்சத் துணிமணிகளை எடுத்துப் போக வந்தார். மணிக்கட்டில் வலியெல்லாம் இல்லை. இரண்டு பெட்டியையும் ஒரே தடவையில் தூக்கினார். அந்த ஆறு வாரம் எனக்குப் பொய் எழுதவும் வரவில்லை.

முதலிலேயே சொல்லியிருந்தால் நீ படகைப் பிடித்து வந்திருப்பாய். முட்டை பொரிகிற நேரம். ஆனால் அது பாதிக் காரணம்தான். தாளில் "அத்தான் நலம்" என்று எழுதுகிற அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது.

உன் ஏழு என் பொய்யைத்தான் உட்கார்ந்து கேட்டிருக்கிறது, பாவம்.

அக்கா


சதுப்பு நிலையம்
செப்டம்பர் 18

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தை வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்துவிட்டு அப்படியே படகுத்துறையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அத்தான் எப்படி என்று கேட்டுக் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வைத்தவன் நான். ஒரு வெளியாள் இரண்டு பக்கம் புரட்டியதும் கண்டுபிடித்ததை உடன்பிறந்தவன் கண்டுபிடிக்கவில்லை.

திருத்தத்தை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது கோப்புக்கு வேணாம். இதப் பறவைக்குப் படிச்சுக் காட்டலியே" என்றார்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஆறையும் விடுகிறோம். அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை நீ கிளம்பி வா. புது ஆள் வந்துவிட்டார், சமையலும் அவர்தான்.

தம்பி


சதுப்பு நிலையம்
அக்டோபர் 16

அக்கா,

அடுத்த வாரம் படகில் இடம் வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பியதைப் படகுக்காரர் சொன்னார். முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வா, துறையில் இறங்கும் பலகை வழுக்கும்.

ஐந்தாம் தேதி வலையைத் திறந்தோம். மூன்று நாள் உள்ளேயே நின்றன. நாலாம் நாள் ஒவ்வொன்றாக எழும்பின. அந்த வாரமே இரண்டாம் எண்ணை நரி பிடித்துவிட்டது. தண்ணீருக்குள் நின்று தூங்கக் கற்றுக்கொடுத்தும் அது கரையில் தூங்கியிருக்கிறது. இறகையும் வளையத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மற்ற ஐந்தும் கிழக்கே ஒரு மேட்டில் சேர்ந்து மேய்கின்றன.

நேற்று அங்கி இல்லாமல் அங்கே போனேன், வெறும் சட்டையோடு. நூறடி இருக்கும். ஒன்று நிமிர்ந்து பார்த்தது. என்னைத்தான். அலறிக்கொண்டு ஐந்தும் எழும்பிப் போய்விட்டன. ஏறக்குறைய ஆறு மாதம் நான் ஊட்டி வளர்த்தவை. நான் யாரென்றே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். கையைத் தட்டி இன்னும் கொஞ்சம் விரட்டினேன், ரொம்ப தூரம் போகட்டும் என்று. திரும்பி வரும்போது வழி நெடுக மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

ஏழோடு இப்போது பேசலாம், அனுமதி உண்டு. காலையும் மாலையும் பேசுகிறேன். அது பிற்பாடு முட்டை இடுமாம். அந்தக் குஞ்சுகளைக் காட்டில் விடலாமாம்.

வந்து பார்.
தம்பி


வீடு
நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கவில்லை. நீ கொடுத்த போர்வை பேருந்தில் உதவியது. நீ மெலிந்துவிட்டாய், புது ஆளின் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

உன்னிடம் நேரில் சொல்லாதது ஒன்று. சனிக்கிழமை நீ கிழக்கு மேட்டுக்குப் போயிருந்தாயே, அப்போது நான் ஏழின் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் கடிதங்களைக் கேட்டு வளர்ந்த பறவை, என்னைத் தெரிந்துகொள்ளும் என்று ஒரு அசட்டு எண்ணம். "நான்தான் அக்கா" என்றேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பரவாயில்லை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "அவர் போயிட்டார்" என்றேன். உனக்கு எழுதினேனே தவிர, எட்டு மாதத்தில் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. உனக்குமே நேரில் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அது பாட்டுக்கு நத்தை தின்றுகொண்டிருந்தது.

இன்று அலுவலகத்துக்கு ஒரு அம்மாள் குடை தேடி வந்தார்கள். அடிக்கடி எதையாவது தொலைக்கிறவர்கள்; நம் வீட்டு விவரமெல்லாம் தெரியும். கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்கள்.

"வீட்டுக்காரர் சௌக்கியமா?"

நலம் என்பது வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க. அவர் இப்ப எங்கூட இல்ல. போயிட்டார்."

அந்த அம்மாள் பேனாவை வைத்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. விரிக்காமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு திரும்பி வந்து, வெளிப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, "எத்தனை மணிக்கும்மா சாத்துவே?" என்றார்கள்.

அக்கா